ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி இருந்தார்

காலை எட்டரை மணிக்கு வன்னியம்பட்டி விலக்கில் நின்றால், ராஜபாளையம் பக்கமிருந்து வரும் பேருந்துக்காகக் காத்திருப்பவர்களில் திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் யார் என்று எளிதில் தெரிந்துவிடும். கையில் ஒரு பை, பைக்குள் காகிதக் கட்டு, முகத்தில் வாய்தாக் கவலை. சில வாரங்களுக்கு முன்பு அப்படி நின்றிருந்த ஒரு தாய் நம்மைக் கண்டதும் ஓரமாக அழைத்துப் போய் ஒரு சந்தேகம் கேட்டார்.

அவருடைய மகன் பல ஆண்டுகளாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். நடுவில் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஏதோ ஒரு குரல் தன்னைத் திட்டுவதாகச் சொல்லி, டீக்கடையின் கண்ணாடி அலமாரியை உடைத்து, தடுக்க வந்தவரையும் தள்ளிவிட்டார். வழக்குப் பதிவாகிவிட்டது. மகன் நோயாளி என்பதைக் கோர்ட்டில் சொல்லலாமா, சொன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகுமா என்பதுதான் அந்தத் தாயின் சந்தேகம். மருத்துவமனைச் சீட்டுகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாராம். வக்கீலிடம்கூட இதுவரை வாய் திறக்கவில்லையாம்.

அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. அந்தப் பையனுக்கு நோய் தொடங்கிய நாட்களில் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போகச் சொன்னவர்கள் நாம். மருத்துவரிடம் போங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பேருந்து வந்துவிட்டது. அந்தத் தாய்க்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நம் நினைவில் நின்றவர், யாரும் எதிர்பாராத ஒருவர்: கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஐ தேசியக் கணித தினமாக நம் பள்ளிகள் கொண்டாடுகின்றன. ராமானுஜனின் படத்துக்கு மாலை போட்டு, 1729 என்ற எண்ணின் சிறப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் லண்டன் காவல்துறையின் பிடியில் ஒரு குற்றவாளியைப் போல நின்றார் என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த நாளுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று பார்ப்போம்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். தந்தை துணிக்கடைக் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கெட்டிக்காரர், மகனே உலகம் என்று வாழ்ந்தவர். பள்ளியில் பரிசுகளை அள்ளிய பையன் கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர வேறெதையும் தொட மறுத்தார். உதவித்தொகை பறிபோனது. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பெற்றோர் தேடி அலைந்தார்கள். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தோல்வியே கண்டார். அவமானம் தாங்காமல் காணாமற்போகும் அந்தப் பழக்கத்தை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளிலும் அது தொடர்ந்தது.

1909-ல் ஜானகியோடு திருமணம். 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதில் அடுக்கியிருந்த தேற்றங்களைக் கண்டு ஹார்டி வியந்ததும் நாடறிந்த கதை. கடல் கடந்தால் சாதி விலக்கு என்று அஞ்சிய குடும்பம் கடைசியில் இசைந்தது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. கல்லூரி வளாகம் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையானது. உடன் பணிசெய்யக்கூடியவர்கள் போர்ப்பணிக்குப் போய்விட்டார்கள். புலால் உண்ணாத ராமானுஜன் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல், தம் அறையிலேயே நேரம் தவறி எதையோ சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு.

அந்தத் தனிமையைக் காட்ட ஒரு சிறு நிகழ்ச்சி போதும். பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று ராமானுஜன் சொல்லவே, அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கடியில் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை உருவிவிட்டு உள்ளே படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். யாரிடமும் கேட்கக் கூச்சம். உலகம் வியந்த மூளைக்குப் படுக்கை விரிக்கச் சொல்லித்தர ஒரு ஆள் இல்லை.

மற்றொரு நாள் நண்பர்களை விருந்துக்கு அழைத்து, தம் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது விருந்தினராக வந்த பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. தாம் சமைத்ததை வேண்டாம் என்றது அவரை அப்படித் தாக்கியிருக்கிறது. நண்பர்களுக்கு இது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். நமக்கு இன்று வேடிக்கையாகத் தோன்றவில்லை.

1917 இளவேனிலில் உடல் முறிந்தது. காசநோய் என்று கருதி ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். குளிர்காற்றே மருந்து என்று சன்னல்களைத் திறந்து வைத்த காலம் அது. கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரிடம் போய்ச்சேராமல் வீட்டிலேயே தடுக்கப்பட்டன. மனைவியிடமிருந்து ஒரு வரியும் வராத காரணம் ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி அவருக்கு உறுப்பினர் பதவி தர மறுத்துவிட்டது.

இந்தச் சுமையெல்லாம் சேர்ந்த நிலையில், 1918 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, லண்டன் நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவலாளி ஒருவர் கண்டு விசையை நிறுத்த, ரயில் அவருக்குச் சில அடி தூரத்தில் நின்றுவிட்டது. ராமானுஜன் உயிர் பிழைத்தார். உடனே கைதும் செய்யப்பட்டார்.

இன்றைய வாசகர் இங்கே நின்று யோசிப்பார். பிழைத்தவரை ஏன் கைது செய்ய வேண்டும்? அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டத்தை அவர்கள் நீக்கினார்கள். சாக நினைக்கும் அளவுக்கு உடைந்துபோனவரை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப சட்டத்தில் இடம் இருந்தது. அவர்கள் நமக்கு எழுதிக்கொடுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் அதையே சொன்னது: ஓராண்டு வரை சிறை.

ஸ்காட்லாந்து யார்டு காவல் தலைமையகத்துக்கு ஹார்டி விரைந்து போனார். தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்திப் பேசினார். இவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இப்படிப்பட்டவரைக் கைது செய்வது தகாது என்று சொன்னார். அது உண்மையல்ல. ராமானுஜனின் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். காவல்துறையினர் பிறகு விசாரித்து அதைத் தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் இத்தகைய மனிதரின் பெயரைக் கெடுக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. வழக்கு நடக்கவில்லை. ஹார்டி வாய்மொழியாகச் சொல்லக் கேட்டிருந்த இந்தச் செய்தியை உலகுக்குத் தெரிவித்தவர் இன்னொரு தமிழர், 1983-ல் நோபல் பரிசு பெற்ற விண்ணியற்பியல் அறிஞர் சந்திரசேகர்.

பொய் சொல்வது சரியா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று நமக்கும் சங்கடம்தான். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதை மறைத்தவரும் அல்ல. இருந்தும், காவல் நிலையத்தில் துணையின்றி நின்ற ஒருவனுக்காக ஓடிப்போய்ப் பேசியவர் அவர்தான். அதே ஹார்டி 1947-ல், முதுமையும் நோயும் அழுத்திய காலத்தில், தாமும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார் என்பதை அவருடைய நண்பர் சி. பி. ஸ்னோ பதிவு செய்திருக்கிறார்.

ராமானுஜனுக்கு இன்ன மனநோய் என்று இத்தனை ஆண்டு கழித்துப் பெயர் சூட்டுவது நம் வேலை அல்ல. அவரது உடல்நோயையே, காசநோய் அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வு சொல்கிறது. துயரம் முற்றிய மனிதர் அவர் என்பது மட்டும் தெளிவு. அவரைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவ கவனிப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். 1918 மே மாதம் அவர் உண்மையாகவே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1841-ல் அர்தசீர் கர்செட்ஜிக்குப் பிறகு அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் உறுப்பினர் பதவியை வழங்கியது. மனம் தெளிந்து மறுபடி எழுதத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அந்த 1729 கதைகூட இந்த நோய்க்காலத்தில், புட்னி மருத்துவ இல்லத்துக்கு ஹார்டி டாக்சியில் வந்தபோது பிறந்ததுதான். 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை விவரித்தார். ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி ஓராண்டில் படுக்கையில் கிடந்தபடி அவர் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் கணிதவியலாளர்கள் அவற்றோடு போராடுகிறார்கள். காவல் நிலையத்தில் ஹார்டி பேசி மீட்ட நாளுக்குப் பிறகு ராமானுஜனுக்குக் கிடைத்தது இரண்டே கால் ஆண்டு மட்டுமே. இத்தனையும் அதற்குள் அடக்கம்.

ஹார்டி இல்லாதவர்களின் கதி என்ன? அசாம் மாநிலம் மோரிகான் பகுதியைச் சேர்ந்த மச்சல் லாலுங் என்ற பழங்குடி மனிதர் 1951-ல், 23 வயதில், ஒருவரைக் காயப்படுத்தியதாகக் கைதானார். மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை அறிவித்தது. அவரை வீட்டுக்கு அனுப்பாமல் கவுகாத்தி சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அப்படி ஒருவர் உள்ளே இருப்பது எல்லோருக்கும் மறந்துபோனது. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு 2005 ஜூலையில் விடுதலையானார், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில். 54 ஆண்டுகள். 2007-ல் இறந்துபோனார். பிணைத் தொகையைவிட, அவருக்காகப் போய் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லாததே அத்தனை ஆண்டுகளைத் தின்றது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள். 1997-ல் புளோரிடா மாநிலத்தின் பிரோவர்ட் கவுண்டியில் முதல் மனநல நீதிமன்றம் தொடங்கியது. மனநோயால் சிறு குற்றங்களில் சிக்கி, மறுபடி மறுபடி சிறைக்கு வந்து போகிறவர்களுக்காக ஏற்பட்டது அது. நோயாளி சம்மதித்தால் மட்டுமே வழக்கு அங்கே போகும். நீதிபதி, அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சிகிச்சைத் திட்டம் போடுகிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, தங்க இடம் இருக்கிறதா, வேலை கிடைத்ததா என்று நீதிபதியே குறிப்பிட்ட நாளில் அழைத்து விசாரிக்கிறார். திட்டத்தை முடித்தால் பெரும்பாலும் வழக்கு கைவிடப்படும், அல்லது தண்டனை குறையும். இப்போது அந்த நாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான நீதிமன்றங்கள் உள்ளன. இதில் குறை இல்லாமல் இல்லை. ஊரில் நல்ல மருத்துவமனை இல்லாவிட்டால் அந்த நீதிபதியும் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆனால் ஹார்டி ஒருவருக்காகச் செய்ததை, பேர் தெரியாத எவருக்கும் செய்துதர அரசே ஆள் போட்டிருக்கிறது என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம்.

நம் நாட்டில் அப்படித் தனி நீதிமன்றம் இல்லை. சட்டம் மட்டும் பலரும் நினைப்பதைவிட இரக்கமுள்ளதாக மாறியிருக்கிறது. செய்வது இன்னதென்றும் தவறென்றும் அறிய முடியாத அளவுக்கு மனநிலை பிறழ்ந்திருந்தவரின் செயல் குற்றமாகாது என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கைத் தாமே எதிர்கொள்ள முடியாத மனநிலையில் இருக்கிறார் என்று தோன்றினால், நீதிபதி அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, வழக்கைத் தள்ளிவைத்து, உறவினர் பொறுப்பிலோ மருத்துவமனையிலோ விடலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்ள வேண்டும், அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க மிரட்டும் முயற்சி மட்டும் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. இன்னும்கூடப் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, விஷம் குடித்த பிள்ளையைத் தவறி விழுந்ததாகச் சொல்லி மருத்துவமனையில் சேர்க்கும் வீடுகள் நம் பகுதியில் உண்டு. உண்மை தெரியாமல் மருத்துவர் என்ன மருந்து கொடுப்பார்?

சட்டத்தைப் பேசும்போது திருச்சபையின் பழைய வழக்கத்தையும் மறைக்கக் கூடாது. ராமானுஜன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான அதே 1918 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான உளக்கோளாறும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் ஒன்றுபோல இந்த வழியில் நடந்து வந்திருக்கின்றன, இரண்டும் தாமதமாகவே. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் மணியோசையின்றிப் புதைக்கப்பட்டவர்களின் வீட்டார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஜானகி அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதங்கள் தடுக்கப்பட்ட அந்த இளம் மனைவி, கணவர் இந்தியா திரும்பிய கடைசி ஓராண்டு முழுவதும் அருகிலிருந்து கவனித்துக்கொண்டார். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். கணவர் எழுதி முடித்த தாள்களைச் சேர்த்து வைத்தார். பிறகு திருவல்லிக்கேணியில் தையல் தைத்து வாழ்ந்து, 1994-ல் மறைந்தார்.

இந்த வாரம் அந்தத் தாயை மறுபடி சந்தித்தோம். ராமானுஜன் கதையைச் சொன்னபோது, அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவருக்குமா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு உள்ளே போய் அரிசிப் பானையிலிருந்து சீட்டுகளை எடுத்து வந்தார். பழைய ஓ.பி. சீட்டுகள், மாத்திரை எழுதிய தாள்கள், ஒரு வட்டார மருத்துவ முகாமின் அட்டை. தேதி வாரியாக அடுக்கி நகல் எடுத்தோம். மாவட்ட நீதிமன்றங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வக்கீல் கிடைப்பார் என்பதையும், அதன் உதவி எண் 15100 என்பதையும் எழுதிக் கொடுத்தோம். மன வேதனையில் இருப்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய டெலி மானஸ் எண் 14416. அதைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம்.

பையன் மாத்திரையை மறுபடி சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். டீக்கடைக்காரரிடம் கண்ணாடிக்குப் பணம் கொடுப்பது பற்றித் தாய்மாமன் பேசியிருக்கிறார். அடுத்த வாய்தா வரும் பதினெட்டாம் தேதி. எட்டரை மணி பேருந்தில் நாமும் உடன் போகிறோம்.